'வேர்ட் ஸ்பிளிட்டிங்': பதப்பிளவா, சொற்பிரிப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கேரள எல்லைப்புற ஊரான கொழிஞ்சாம்பாறையில் நான் நடத்தும் ஷெல் (கணினிக்கு எழுத்துவழிக் கட்டளையிட உதவும் மென்பொருள்) வகுப்புக்கான பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அர்ரேக்கு (மதிப்புகளின் வரிசைக்கு) 'அணி', லூப்புக்கு (திரும்பத் திரும்ப நடக்கும் கட்டளைத் தொகுதிக்கு) 'மடக்கு' என்று தமிழில் எழுதுவதில் எனக்கு ஐயமில்லை. தண்டியலங்காரத்து மடக்கில் அதே எழுத்துத்தொடர் திரும்ப வந்து வேறு பொருள் தருவதுபோல, 'ஃபார்' என்னும் மடக்கில் அதே மாறி (மதிப்பைத் தாங்கும் பெயர்) சுற்றுக்குச் சுற்று வேறு மதிப்பை ஏற்கிறது.

இடர், ஷெல் ஒரு தொடரைச் சொல்சொல்லாக வெட்டும் 'வேர்ட் ஸ்பிளிட்டிங்' என்பதற்குத் தமிழ்ப்பெயர் இடுவதில்தான். மாணவர் ஒருவர் 'பனை வெல்லம்' என்று கோப்புக்குப் பெயரிட்டு, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் வெளியீட்டை மேற்கோள்குறியின்றி ஃபார் மடக்கில் கொடுக்க, ஷெல் 'பனை' என்றும் 'வெல்லம்' என்றும் இரு கோப்புகளைத் தேடி, இரண்டுமே இல்லை என்றது. எங்கே வெட்டுவது என்று ஷெல்லுக்குச் சொல்லும் ஐஎஃப்எஸ் மாறியில் இயல்பாக இருப்பவை இடைவெளி, தாவல், புதுவரி ஆகிய மூன்று. அவை வரும் இடத்தில் ஷெல் வெட்டிவிடும்.

இதற்குப் 'பதப்பிளவு' என்றும், மேற்கோளிட்ட சரத்துக்கு (எழுத்துத்தொடருக்கு)ப் 'பகாப்பதம்' என்றும் நம்மில் ஐயா ஒருவர் முன்மொழிந்தார். பதம் வடசொல் என்று அம்மையார் ஒருவர் மறுத்தார். நன்னூலிலேயே பதவியல் இருக்கிறது. மலையாளத்திலும் பதம் என்றால் சொல்தான் என்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாது. ஆகவே என் தயக்கம் தூய்மை பற்றியதன்று. 'நிலம்', 'நீர்' போன்ற பகாப்பதங்கள் இயல்பிலேயே பகுக்க இயலாதவை. மேற்கோளிட்ட 'பனை வெல்லம்' பகுக்கக்கூடியது, நாம் தடுத்திருக்கிறோம், அவ்வளவே. எல்லாத் தொகையும் (சேர்ந்து நிற்கும் சொற்கள்) ஒருசொல்லாக நடக்கும் என்று தொல்காப்பியர் சொன்ன நிலையே இதற்கு நெருக்கமானது. கட்டளைக்குத் தரப்பட்டவை அனைத்தையும் குறிக்கும் $@ என்பதை மேற்கோளுக்குள் இட்டால், தரப்பட்ட ஒவ்வொரு தொகையும் குலையாமல் தனித்தனியே நிற்கும். $* இட்டால் அனைத்தும் ஒரே சரமாக ஒட்டிக்கொள்ளும்.

ஆயினும் 'தொகை' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எல்லைப்புறத்தில் தொகை என்றதும் பணம்தான் நினைவுக்கு வரும். மலையாளத்தின் 'துக'வும் அதுவே. எனவே செயலுக்குச் 'சொற்பிரிப்பு', மேற்கோளால் காக்கப்பட்டதற்கு 'ஒருசொற்சரம்' என்று எழுதியிருக்கிறேன். ஞாயிறு இரவுக்குள் மறுப்பு வந்தால் மாற்ற இயலும்.

மறுமொழி:

அன்புடையீர், செய்யுளில் புணர்ந்த சொற்களைப் பிரித்துப் படிப்பதையே நம் மாணவர் சொற்பிரிப்பு என்பர். அங்கே இடைவெளி இல்லாத இடத்தில் பிரிக்கிறோம், ஷெல்லோ இடைவெளி போன்ற குறிகள் உள்ள இடத்தில் மட்டுமே பிரிக்கிறது. தமிழாசிரியர் வகுப்பிலிருந்து நேரே உங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளை குழம்பாதா? மேலும், இசட்ஷெல் என்னும் மற்றொரு வகை ஷெல் மேற்கோளிடாத மாறியையும் இயல்பாகப் பிளப்பதில்லை. அங்கே அது பகாப்பதமாகவே நடக்கிறது. பெரும்பான்மை உங்கள் பக்கம் என்பதை ஏற்கிறேன். 'பதப்பிளவு' என்பதையும் அடிக்குறிப்பில் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.