வெயில் காலத்தில் ஆபீசுக்கு என்ன உடுத்துகிறீர்கள்?

வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே நடுங்க வைக்கும் ஏசி. இரண்டையும் ஒரே உடையில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்களேன். நான் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், "காட்டன்தாங்க போடுறேன், அப்படியும் வேகுது" என்று புலம்பிக்கொண்டே இருப்பார். அவர் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். காட்டன்தான், பொய்யில்லை. ஆனால் நெருக்கி நெய்த தடித்த துணி, உடம்பை இறுக்கிப் பிடிக்கும் தையல். காற்று எங்கே நுழையும்? பருத்தி வியர்வையை நன்றாக உறிஞ்சும், உலர்வதற்குத்தான் நேரமாகும். துணி தடிமனாக இருந்தால் நனைந்தது நனைந்தபடியே முதுகில் ஒட்டிக் கிடக்கும். அவரிடம் சொன்னேன்: அடுத்த முறை வாங்கும்போது துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், இழைகளுக்கு நடுவே கொஞ்சமாவது வெளிச்சம் கசிய வேண்டும். அளவையும் தோளில் சரியாக, உடம்பில் தளர்வாகப் பார்த்து எடுக்கச் சொன்னேன். இப்போது புலம்பல் நின்றுவிட்டது. ஏசியைப் பற்றித்தான் புலம்புகிறார்!

பதில்: தளர்வு என்று சொன்னீர்களே, அதுதான் விஷயம். பாலைவனத்தில் பெடோயின் மக்கள் ஏன் தளர்வான கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று 1980இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கறுப்பு அங்கி வெயிலை அதிகம் வாங்கிக்கொள்கிறது, ஆனால் அந்தக் கூடுதல் சூடு தோலுக்கு வந்து சேர்வதற்குள் வெளியேறிவிடுகிறது. வெள்ளை அங்கி அணிந்தவருக்கும் கறுப்பு அணிந்தவருக்கும் உடம்பில் ஏறிய சூடு ஒன்றுதான். இதைப் படித்த பிறகு, கோடையில் கறுப்புச் சட்டையா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, தொளதொளவென்று போட்டுக்கொண்டு போகிறேன். இறுக்கமான கறுப்புச் சட்டைக்கு இந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

பதில்: பெண்கள் லைனிங்கைக் கவனியுங்கள். என் தோழி நூறு சதவீதப் பருத்தி என்று வாங்கிய உடை மதியத்துக்குள் தொடையில் ஒட்டிக்கொள்கிறது என்றாள். உள்ளே திருப்பினால் பளபளவென்று பாலியெஸ்டர். தோலைத் தொடுவது அதுதானே, வெளியே என்ன துணி இருந்து என்ன? தையல்காரரிடம் கொடுத்து மெல்லிய மல் துணியாக மாற்றச் சொன்னேன். அவர் "வெளித்துணி கெட்டியாத்தான் இருக்கு, கீழ்ப்பகுதிக்கு லைனிங்கே வேண்டாம், மேலே மட்டும் போதும்" என்று பாதியை வெட்டியே எடுத்துவிட்டார். நல்ல மனிதர்.

பதில்: லினன் பிடிக்கும், கசங்கல்தான் பிடிக்காது என்பவர்கள் பருத்தி கலந்ததை எடுங்கள். கொஞ்சம் கசங்கும். கசங்கினால் கசங்கட்டும் என்பது என் கட்சி.

பதில்: எங்கள் மேலாளர் கோட்டும் டையும் இல்லாமல் கூட்டத்துக்கு வரக் கூடாது என்பவர். அறையை அவருக்காகக் குளிரவைப்போம், சாதாரணச் சட்டையில் இருக்கும் மற்றவர்கள் கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஜப்பான் அரசு 2005 கோடையில் 'கூல் பிஸ்' என்று தொடங்கியதைப் பற்றி அவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன்: டை, கோட்டைக் கழற்றிவிட்டு ஏசியை 28 டிகிரியில் வையுங்கள் என்பதுதான் திட்டம். "28ஆ?" என்று அதிர்ந்தார். ஆனால் அடுத்த கூட்டத்துக்கு டை வரவில்லை. கோட்டு மட்டும் இன்னும் வருகிறது.

பதில்: குளிருக்குக் கனத்த ஸ்வெட்டர் வேண்டாம். மெல்லிய முழுக்கைப் பருத்தி மேற்சட்டை ஒன்றை நாற்காலியில் நிரந்தரமாகத் தொங்கவிட்டிருக்கிறேன். வழியில் சுமக்கும் வேலை மிச்சம்.

பதில்: எனக்கு அக்குளில் வியர்வை தெரிவதுதான் கவலை. என்ன நிறம் நல்லது?

பதில்: சாம்பலும் வெளிர் நீலமும் காட்டிக்கொடுக்கும். வெள்ளை, கருநீலம், பொடிக்கட்டம் போட்டது ஆகியவற்றில் அவ்வளவாகத் தெரியாது. அப்புறம், துவைக்கும்போது வாசனைக்கென்று ஊற்றும் சாஃப்ட்னரைக் கோடையில் நிறுத்திப் பாருங்கள். அது இழைகளின் மேல் படிந்துவிட்டால் துணி ஈரத்தை முன்போல் உறிஞ்சாது.