மாதவிடாய் வலிக்குச் சீனக் கஷாயம் கேட்குமா?

நெம்புகோல்:
மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2008இல் வெளியிட்ட மறுஆய்வில் 39 சோதனைகள், 3,475 பெண்கள். சீன மூலிகைகள் வலி மாத்திரையைவிட நன்றாகக் கேட்பதாகவே எண்கள் வந்தன. ஆனால் சோதனைகள் நடந்த விதம் சரியில்லை என்று ஆய்வாளர்களே எழுதிவிட்டார்கள். பிறகும் "ஆய்வில் நிரூபணமானது" என்று விற்கிறார்களே, எந்த நியாயத்தில்?

தெம்பனிஸ்காரி:
எனக்குக் கேட்டது, தம்பி. சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழேயே சீன மருந்துக் கடை. வைத்தியர் நாடி பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். இழுப்பறைகளிலிருந்து வேரும் பட்டையுமாக எடுத்து, சின்னத் தராசில் நிறுத்து, காகிதத்தில் மடித்துத் தருவார்கள். மூன்று கிண்ணம் தண்ணீரை ஒன்றாகச் சுண்டவைத்துக் குடிக்கிறேன். வீடே நாறும். ஆனால் முதல் நாள் சுருண்டு கிடந்த காலம் போய்விட்டது. ஆளுக்கு ஆள் மாறும் மருந்தை நீங்கள் எப்படிச் சோதிப்பீர்கள்?

நெம்புகோல்:
சோதிக்கலாம் அக்கா. 1998இல் ஆஸ்திரேலியாவில் எரிச்சல் குடல் நோய்க்குச் சோதித்தார்கள். 116 பேர். குலுக்கல் முறையில் சிலருக்கு அவரவர்க்கென்று எழுதிய மருந்து, சிலருக்குப் பொது மருந்து, மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத போலி. எல்லாமே கேப்சூல். யாருக்கு எது போனது என்று வைத்தியர்களுக்கே தெரியாது.

தெம்பனிஸ்காரி:
முடிவை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

நெம்புகோல்:
விழுங்கவில்லை. இரண்டு மூலிகை மருந்துகளும் போலியைவிட நன்றாகக் கேட்டன. நிறுத்தி 14 வாரம் கழித்துப் பார்த்தபோது, தனித்தனியாக எழுதிக் கொடுத்த மருந்துக்கு மட்டும் பலன் நீடித்தது. ஆனால் அது குடலுக்கு!

மருந்தாளுநர்:
மாதவிடாய் வலிக்கும் ஒரு சோதனை உண்டு. 1997இல் ஜப்பானில் ஆறு மூலிகை சேர்ந்த தோக்கி ஷாக்குயாக்கு சான் மருந்தைப் போலியோடு ஒப்பிட்டார்கள். உடல்வாகு பார்த்துத்தான் பெண்களைச் சேர்த்தார்கள். வலி குறைந்தது. நாற்பதே பேர், அதுதான் குறை. வலி மாத்திரையான இப்யூபுரூஃபன், வலியைக் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கிறது, வழி தெளிவு. வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு வழி வேண்டும் என்பதும் உண்மை.

என் பயம் வேறு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த சீன மூலிகையில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று மாறிப்போய், நூறு பெண்களுக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. தெம்பனிஸ் அக்கா, உங்கள் பொட்டலத்தில் என்னென்ன இருக்கிறது? தாங் குவெய் என்ற வேர் இருந்து, இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினும் சாப்பிடுகிறவரானால் இரத்தம் எளிதில் நிற்காமல் போகலாம்.

தெம்பனிஸ்காரி:
வார்ஃபரின் எல்லாம் இல்லை. பொட்டலத்தின் மேல் சீனத்தில் நான்கு வரி இருக்கிறது, எனக்குப் படிக்க வராது. எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் கொடுத்திருக்கிறேன். கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

நெம்புகோல்:
காத்திருக்கிறேன்.