ஸ்பீக்கருக்கு ஏன் இவ்வளவு விலை? ஹால்ல பேஸ் வேற குமுறுது, கொஞ்சம் உதவுங்க

செங்காங்_தம்பி:
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சிங்கப்பூர் செங்காங்ல நாலறை வீடு, ரெனோவேஷன் முடிஞ்ச கையோட ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் அதுக்கு பவர் குடுக்குற ஒரு ஆம்பும் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கினேன், ரெண்டும் சேர்த்து 1,700 வெள்ளி கிட்ட ஆச்சு. கடையில கேட்டப்ப செம ஷியோக். வீட்டுல போட்டா மிருதங்கத்தோட தொப்பி பக்கம் ஒரே குமுறல், பாடுறவங்க குரல் காதைக் கூசுது. இன்னொண்ணு, டிவி கேபிளை ஆம்புல சொருகுனா பாட்டு ஓடாதப்பவும் "ம்ம்ம்"னு ஒரு சத்தம்.

கடைக்காரர்கிட்ட கேட்டா 480 வெள்ளிக்கு ஸ்பீக்கர் கேபிள் இருக்கு, அதை மாத்துங்க, அப்புறமா தனியா ஒரு டிஏசி, அதான் டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலா மாத்துற பெட்டி, அதைப் போடுங்கங்கிறார். அதே கடையில 38,000 வெள்ளிக்கு ஒரு ஜோடி நிக்குது. அதுக்குள்ள அப்படி என்னதான் வெச்சிருக்காங்க? நான் வாங்குனது மட்டமா, இல்ல நிஜமாவே இன்னும் காசு இறக்கணுமா? வீட்டுக்காரி ஏற்கனவே முறைக்கிறா.

பழைய_டெக்னீஷியன்:
தம்பி, காசை எடுக்காதீங்க, முதல்ல இதச் சொல்லுங்க. ஸ்பீக்கர் எங்க இருக்கு, பின்னாடி ஓட்டை உள்ள டைப்பா, சோபா எங்க, தரை என்ன தரை?

செங்காங்_தம்பி:
டிவி கன்சோல் மேல அண்ணே, சுவத்தோட ஒட்டி. ஆமா பின்னாடிதான் ஓட்டை. சோபா எதிர்ச் சுவத்தோட ஒட்டி, நடுவுல 4 மீட்டர் இருக்கும். தரை டைல்ஸ், கர்ட்டன் இன்னும் போடல.

பழைய_டெக்னீஷியன்:
அப்ப உங்க ஹால்தான் பாடுது, ஸ்பீக்கர் இல்ல. சத்தம் வினாடிக்கு 343 மீட்டர் போகும், 4 மீட்டர் நீள ரூம்ல போயிட்டு வர 8 மீட்டர், அதனால முதல் ரெசனன்ஸ், அதாவது ரூமே சேர்ந்து அதிர்ற நோட்டு, 43 ஹெர்ட்ஸ் பக்கம் வரும், அடுத்தது 86. அந்த இடத்துல என்ன நோட்டு வந்தாலும் ஊதிப் பெருசாகும், அதுவும் சுவத்தை ஒட்டி உக்காந்தா இன்னும் மோசம், ஏன்னா பேஸ் அழுத்தம் அங்கதான் உச்சம். ஸ்பீக்கரை ஒரு முழமாவது முன்னாடி இழுங்க, சோபாவையும் கொஞ்சம் நகர்த்துங்க. முடியலன்னா ஓட்டையில ஒரு ஜோடி காலுறையை சுருட்டி அடைங்க, சிரிக்காதீங்க, சில கம்பெனி பெட்டியிலயே அதுக்கு ஸ்பாஞ்ச் வெச்சுத் தருது. கூசுறதுக்குக் காரணம் டைல்ஸும் வெறும் ஜன்னலும். கனமான கர்ட்டன், தேக்கா கடைத்தெருவுல ஒரு தடி கார்ப்பெட், அவ்வளவுதான்.

கேபிள் விஷயம்: 2.5 ஸ்குவேர் மில்லிமீட்டர் சாதா செம்பு ஒயர் மீட்டருக்கு 7 மில்லி ஓம். 3 மீட்டர் போயிட்டு வந்தா மொத்தம் 42 மில்லி ஓம், உங்க ஸ்பீக்கர் 8 ஓம், அதாவது அரை பர்சன்ட். 480 வெள்ளியில அந்த அரை பர்சன்ட்டையா வாங்கப் போறீங்க?

ஜூரோங்_அக்கா:
விலை ஏன்னு கேட்டீங்கல்ல, நான் பிரிசிஷன் இன்ஜினியரிங்ல வேலை செய்றேன், ஆடியோ இல்ல, ஆனா விலை கூடுன ஆம்போட முகப்புத் தகடு மாதிரி அலுமினியப் பீஸ் எங்க ஃப்ளோர்லயும் ஓடும். கெட்டி அலுமினியத்தை சிஎன்சியில, அதான் கம்ப்யூட்டர் ஓட்டுற கடைசல் மெஷின்ல, குடைஞ்சு எடுக்குறது மணிக்கணக்கு மெஷின் நேரம், அப்புறம் அனடைசிங்ல, அதான் மேல் பூச்சுல, ஒரு கோடு விழுந்தா அந்த பீஸ் ரிஜெக்ட். இதுல சத்தத்துக்கு ஒரு சல்லி வேலையும் கிடையாது, தொட்டுப் பாக்க நல்லா இருக்கணும், அதுக்குத்தான். அடுத்து எண்ணிக்கை. மோல்டு, டூலிங், டிசைன் செலவை 20,000 பீஸ் மேல போட்டா ஒண்ணுக்கு சில வெள்ளி, 200 பீஸ் மேல போட்டா நூத்துக்கணக்குல ஏறும். அதுக்கு மேல டிஸ்ட்ரிபியூட்டர் பங்கு, கடைக்காரர் பங்கு, டவுன்ல ஷோரூம் வாடகை, வருஷக் கணக்கா டெமோவுக்கு நிக்கிற செட்டுல முடங்குன காசு, மரப்பெட்டியில வர்ற கப்பல் செலவு, கடைசியா 9% ஜிஎஸ்டி. டிஏசி சிப் இருக்கே, பெரிய பேர் எடுத்த சிப்பே மொத்த விலையில ஒரு சின்னப் பங்குதான்.

வினைல்_கிறுக்கன்_பிடோக்:
அக்கா சொல்றது சரி, ஆனா ஒரேடியா எல்லாம் ஏமாத்துன்னு முடிச்சிடாதீங்க லா. பெரிய ஸ்பீக்கர் 25 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கி, சத்தமா வெச்சாலும் கரகரக்காம பாடும், அதுக்குப் பெரிய டிரைவர் (உள்ள அதிர்ந்து சத்தம் எழுப்புற கூம்பு), அதிராத பெட்டி, பேஸையும் மேல் சத்தத்தையும் பிரிச்சு அனுப்புற நல்ல கிராஸ்ஓவர் எல்லாம் வேணும், அது நிஜச் செலவு. ஒரு 3 டெசிபல் கூட்டணும்னாலே ஆம்ப் பவர் ரெட்டிப்பாகணும், டிரான்ஸ்ஃபார்மர் செம்பு, சூடு தணிக்கிற ஹீட் சிங்க் எல்லாம் எடை ஏறுது. ஆனா ஒரு கட்டத்துக்கு மேல அது நகை வாங்குற மாதிரி ஆடம்பரம்தான். சென்ஹைசரோட எச்இ 1 ஹெட்ஃபோன் பாருங்க, வந்த புதுசுல 50,000 யூரோவை ஒட்டி விலை, ஆம்ப் பெட்டி இத்தாலி கராரா மார்பிள்ல செஞ்சது. நான் போய்க் கேட்கவே ரெடி, வாங்கத்தான் வழியில்ல. சும்மா காதால கேட்டுப் பழகணும்னா அடெல்ஃபி மாலுக்குப் போங்க, நிறைய ஆடியோ கடை இருக்கு, உங்களுக்குத் தெரிஞ்ச பாட்டையே போடச் சொல்லுங்க.

பழைய_டெக்னீஷியன்:
ஸ்பீக்கருக்கு நானும் ஒத்துக்கிறேன். டிஏசிக்கு மாட்டேன். 2007ல மேயர், மொரான் ரெண்டு பேர் எஸ்ஏசிடின்னு சிடியை விட உயர்தரமான டிஸ்க்கோட சத்தத்தை அப்படியேயும், சிடி தரத்துக்குக் குறைச்சும் மாத்தி மாத்தி, எது எதுன்னு சொல்லாம கேக்க வெச்சாங்க. சாதாரண சத்தத்துல யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியல. இவர் ஆம்புக்குள்ள இருக்கிற டிஏசியே அந்த வேலைக்குப் போதும்.

தம்பி, அந்த "ம்ம்ம்" 50 ஹெர்ட்ஸ், கிரவுண்ட் லூப், அதாவது கேபிளும் எர்த்தும் சேர்ந்து ரெண்டு பெட்டிக்கும் நடுவுல ஒரு வளையமா ஆயிடுது. டிவியைக் கழட்டுனா நின்னுடுதா? நின்னா டிவியில ஆப்டிகல் அவுட் இருக்கும், அதுல போடுங்க, ஒளி வழியா போறதால ரெண்டு பெட்டிக்கும் நடுவுல கரண்ட் தொடர்பே இருக்காது. எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் வெட்டாதீங்க, ஷாக் அடிக்கும்.

செங்காங்_தம்பி:
ஆப்டிகல் போட்டேன் அண்ணே, சுத்தமா நின்னுடுச்சு, ரொம்ப நன்றி. ஸ்பீக்கரை இழுத்து காலுறையும் அடைச்சேன், குமுறல் பாதிக்கு மேல போச்சு, ஆனா கன்சோலை விட்டு ஸ்பீக்கர் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, ஸ்டாண்டு வாங்கணும் போல. இதுல இன்னொரு கேள்வி, ஒருத்தர் ஜப்பான்ல இருந்து கொண்டு வந்த ஆம்ப் பாதி விலைக்குத் தர்றேங்கிறார், எடுக்கலாமா?

ஜூரோங்_அக்கா:
இருக்கிற ஆம்புக்கு என்ன குறை தம்பி?

பழைய_டெக்னீஷியன்:
பின்னாடி ஸ்டிக்கர்ல 100 வோல்ட்னு போட்டிருக்கும், நம்ம ஊர் 230. நேரா சொருகுனா அன்னிக்கே புகை வரும். தனியா ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கணும், லோக்கல் வாரண்டியும் கிடையாது, கூட்டிப் பாத்தா பாதி விலை நிக்காது. அந்தக் காசுக்கு ஸ்டாண்டும் கர்ட்டனும் வாங்குங்க, கர்ட்டன்னா வீட்லயும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.