ஹைபிரிட் மைலேஜ்: சொன்னது 27, வருவது 21

கேள்வி:
பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. காகிதத்தில் லிட்டருக்கு 27 கி.மீ. டேஷ்போர்டு 23 என்கிறது. ஒவ்வொரு முறையும் டேங்கை முழுதாக நிரப்பி நோட்டில் கணக்குப் போட்டால் 21தான். அலுவலகம் வெறும் 4 கி.மீ. வண்டியில் கோளாறா, எல்லோருக்கும் இப்படித்தானா?

பதில் 1:
அந்த 4 கி.மீ.தான் வில்லன். பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும், இன்ஜினும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடேறும்வரை இன்ஜின் ஓடத்தான் செய்யும். சூடேறி முடிவதற்குள் நீங்கள் போய்ச் சேர்ந்துவிடுகிறீர்கள். நானும் இப்படிப் புலம்பியவன்தான். ஒருநாள் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து 30 கி.மீ. ஓட்டினேன், 26 வந்தது! பிரேக்கைத் தொடும்போதெல்லாம் பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் ஏறுகிறதே. நெடுஞ்சாலையில் 110இல் பறந்தால் அந்த லாபம் கிடையாது, காற்றின் எதிர்ப்பு வேறு. டேஷ்போர்டை நம்பாதீர்கள், நோட்டுதான் சரி.

பதில் 2:
காகிதத்தில் போடும் மைலேஜை அளக்கும் டபிள்யூஎல்டிபி சோதனை ஆய்வகத்தில் உருளைகள்மேல் நடப்பது. சுமார் 23 கி.மீ., அரை மணி நேரம், 23 டிகிரி வெப்பம், ஏசி அணைத்து. உங்கள் காலைப் பயணம் இதில் எங்கே பொருந்துகிறது? டயர் காற்றைப் பார்த்தீர்களா?

கேள்வி கேட்டவர்:
இப்போதுதான் பார்த்தேன். டயர் காற்று 33 இருக்க வேண்டிய இடத்தில் 26. சரி, நிரப்பிவிட்டு அடுத்த டேங்க் கணக்கோடு வருகிறேன். ஏசியை மட்டும் அணைக்கச் சொல்லாதீர்கள்.