கார்னரேயின் திமிங்கிலப் படம், அசலா பிரதியா?

போன மாதம் அமெரிக்காவின் பழைய திமிங்கில வேட்டைத் துறைமுகமான நியூ பெட்ஃபோர்டில், பழைய வீடு ஒன்றைக் காலி செய்து சாமான்களை விற்றபோது இந்தப் படத்தை வாங்கினேன். பிரெஞ்சு ஓவியர் கார்னரே வரைந்து, மார்ட்டன்ஸ் அச்சுத் தகட்டில் செதுக்கிய ஸ்பெர்ம் திமிங்கில வேட்டை. உடைந்த படகைத் திமிங்கிலம் முதுகில் தூக்கி நிற்கும், படகின் முனையில் ஒரு ஆள் குதிக்கப்போவது போல நிற்பான், அதைப் பார்த்துத்தான் கை பர்ஸுக்குப் போனது. அசல் 1830களில் வந்த அக்வாடின்ட், அதாவது தகட்டை அமிலத்தால் பொடிப்பொடியாக அரித்து அச்சிட்டது.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடியில் பார்த்துவிட்டேன். சாதாரண அச்சுப் பிரதியில் இருக்கும் வரிசையான புள்ளிகள் இல்லை, மணல் தூவியது போல ஒழுங்கற்ற பொடிதான் தெரிகிறது, ஆனால் புகைப்படத்திலிருந்து தகடு செய்து அச்சிடும் ஃபோட்டோகிராவ்யூரிலும் இப்படித்தான் இருக்குமாம். நீலம் மட்டும் அலைக்கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது, கையால் பூசியதோ என்னவோ. ஃபிரேமைக் கழற்றினால் தாள் முழுவதும் அட்டையில் ஒட்டியிருக்கிறது, அதனால் வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறி பார்க்க வழியில்லை. செம்புத் தகட்டின் விளிம்புத் தடமும் இல்லை, ஓரத்தை யாரோ வெட்டிவிட்டார்கள். பழுப்புப் புள்ளிகள் வேறு, வானத்துப் பக்கம் நிறைய. ஏலப் படங்களோடு ஒப்பிட்டதில் ஒன்றும் தேறவில்லை. கடைக்காரர் ஒருவர் பார்க்காமலேயே "பிரதி" என்றுவிட்டார்.

அட்டையிலிருந்து உரிக்காமல், இது அக்வாடின்டா ஃபோட்டோகிராவ்யூரா என்று உறுதியாகச் சொல்ல எதைப் பார்க்க வேண்டும்?