மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் உள்ளவர் சொகுசுக் கப்பலில் போகலாமா?

ஹட்டனிலிருந்து கேள்வி:
என் மனைவிக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உண்டு. அதற்கு இன்டர்ஃபெரோன் பீட்டா ஊசி போட்டுக்கொள்கிறார், தூரம் நடக்கக் கைத்தடி வேண்டும். மகள் எங்களைச் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் அழைத்துச் செல்ல விரும்புகிறாள். குளிரான எங்கள் மலைநாட்டிலிருந்து கொழும்பு வெயிலுக்கு இறங்கினாலே கால் தளர்ந்துவிடும் அவருக்கு அந்தப் பயணத்தின் வெயில் ஒத்துக்கொள்ளுமா, ஊசி மருந்தை எப்படிக் கொண்டுபோவது என்பதே எங்கள் கவலை.

பண்டாரவளையிலிருந்து பதில்:
அண்ணா, எனக்கும் இதே நோய்தான். உடல் சூடேறும்போது, பழுதடைந்த நரம்புகளில் செய்தி கடப்பது மேலும் தடைப்படுவதால், பார்வை மங்கலும் கால் தளர்ச்சியும் கூடும். உடல் குளிர்ந்ததும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மட்டும் புதிய தாக்குதலா என்று வைத்தியரிடம் காட்ட வேண்டும். கப்பலுக்குள் குளிரூட்டி உண்டு. கரையிறங்கும் நண்பகல்தான் சோதனை. அண்ணி காலையிலேயே இறங்கி, கழுத்தில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு, வெயில் ஏறுமுன் திரும்பட்டும். கப்பலிலுள்ள வெந்நீர்த் தொட்டிப் பக்கம் போகவே வேண்டாம்.

நுவரெலியாவிலிருந்து பதில்:
இந்த ஊசி மருந்தின் பெரும்பாலான வகைகள் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. அறையிலுள்ள சிறு குளிர்ப்பெட்டி பானத்துக்குப் போதும், மருந்துக்கு அதை நம்ப முடியாது. கப்பலின் மருத்துவ அறையில் வைக்க முடியுமா என்று முன்பதிவின்போதே எழுத்தில் கேளுங்கள். விமானத்தில் வைத்தியரின் கடிதத்துடன் கைப்பையிலேயே கொண்டுபோங்கள். பயணக் காப்புறுதியில் நோயை மறைக்காதீர்கள், இழப்பீடு மறுக்கப்படலாம்.

மஸ்கெலியாவிலிருந்து பதில்:
சில இடங்களில் கப்பல் கரையணையாது, நடுநீரில் சிறு படகுக்கு மாற வேண்டும். அலையில் அப்படி இறங்குவது கைத்தடியுடன் நடப்பவருக்கு ஆபத்து. அத்தகைய நிறுத்தங்கள் இல்லாத பயணத்தையும், மின்தூக்கிக்கு அருகிலுள்ள அறையையும் தேடுங்கள், அண்ணா.