துக்கம் கேட்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள்? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

வைகைக்கரை:
போன வருடம் அப்பா காலமானார். வந்தவர்கள் பேசியதில் எது தாங்கியது, எது குத்தியது என்று எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் பக்கம் 'கேதம் கேட்கப் போறோம்' என்போம். நிஜமாகவே கேட்கத்தான் செய்வார்கள். உள்ளே வந்து உட்கார்ந்ததும், "என்னத்தா ஆச்சு? நல்லாத்தானே இருந்தாரு?" அம்மா முதலிலிருந்து தொடங்குவார். சாயங்காலம் காப்பி குடித்தது, நெஞ்சைக் கரிக்கிறது என்றது, ஆட்டோ வருவதற்குள் சாய்ந்தது. அடுத்த ஆள் வந்தால் மறுபடி காப்பியிலிருந்து. கூட இருந்த நண்பனுக்கு இது கொடுமையாகப் பட்டது. கேட்பதை நிறுத்தச் சொல்லேன் என்றான். நான் சொல்லவில்லை. "நான் அப்பவே கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்று அம்மா ஓரிடத்தில் உடைவார். அங்கே கேட்பவர் யாராக இருந்தாலும், "நீ என்ன பண்ணுவ, உடனே ஆள் அனுப்பிட்டீல்ல" என்று குறுக்கே விழுவார்கள். கருமாதி வருவதற்குள் அந்த வரி கதையிலிருந்து உதிர்ந்துவிட்டது.

குத்தியது 'கல்யாணச் சாவு, கொடுத்து வச்சவரு.' இதையே அப்பாவின் கூட்டாளி, அவர் வயதுக்காரர், சொன்னபோது இதமாக இருந்தது. என் அலுவலகத்து ஆள் சொன்னபோது எழுந்து வெளியே போய்விட்டேன். 'இனி நீதான் தைரியமா இருக்கணும்' என்பதும் அப்படித்தான். அழ உட்கார்ந்தவனுக்கு வேலை கொடுக்கிற பேச்சு.

வாட்ஸ்அப்பில் ஒருவர் 'ஆழ்ந்த இரங்கல்' போட, வரிசையாக அதே வரி. வருகைப் பதிவேடு மாதிரி இருந்தாலும் ராத்திரி தூக்கம் வராதபோது அந்தப் பெயர்களைத்தான் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒருவர் மட்டும், 'எனக்கு பஞ்சர் ஒட்டக் கற்றுக் கொடுத்தது உங்க அப்பாதான்' என்று எழுதியிருந்தார். அதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

மூத்தவள்:
எங்கள் அப்பாயி செத்தபோது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளைக் கட்டிக்கொண்டு ஒப்புச் சொல்லி அழுதார்கள். அப்பாயி காலம் முழுக்கக் களையெடுக்கப் போனவர். ஒப்பாரியில் அவருக்குத் தங்கக் கட்டில், மாடமாளிகை எல்லாம் உண்டு.

பெரியத்தையின் அழுகை வேறு தினுசு. ஆத்தா இருக்கிறவரைக்கும் இந்த வாசலில் எனக்கு ஒரு செம்பு தண்ணி இருந்தது, இனி அண்ணிமார் முகம் பார்த்து வரவேண்டுமே என்று இழுத்து இழுத்துப் பாடினார். அந்த அண்ணிமார் இரண்டு பேரும் அதே வட்டத்தில், அத்தை தோளில் கை போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்! சாதாரண நாளில் சொல்லியிருந்தால் பஞ்சாயத்து கூடியிருக்கும். ஒப்பாரிக்குள் சொன்னதற்கு யாரும் பதில் பேசவில்லை. பக்கத்து வீட்டு அக்காவோ அப்பாயிக்காக அழவே இல்லை. எப்போதோ போன தன் பிள்ளையைக் கூப்பிட்டுத்தான் அழுதார். அதுவும் அங்கே செல்லும்.

இப்போது சில வீடுகளில் ஒலிபெருக்கியில் பதிவுசெய்த ஒப்பாரி ஓடுகிறது. குரல் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் யாருடைய வழக்கும் இல்லையே.

தமிழாசிரியர்:
இறந்தவரை எண்ணிக் கலங்கிப் பாடுவதற்குப் புறத்திணையில் கையறுநிலை என்று தனித் துறையே உண்டு. அந்த வகையில் ஒன்று புறநானூற்றின் 112ஆம் பாட்டு. போன மாத நிலவில் தந்தை இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலவில் குன்றை வேந்தர் கொண்டார்கள், தந்தையும் இல்லை என்கிறார்கள் பாரியின் மகளிர். மொத்தம் ஐந்தே அடி. அழுகை, துயரம் என்று ஒரு சொல் கிடையாது. வகுப்பில் இதை நடத்தப் போகுமுன், அப்பாவை இழந்த பிள்ளை யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்வேன்.

பருத்தித்துறை:
அம்மம்மா கனடாவில் மோசம் போனா. மரண அறிவித்தல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எங்கட ஆக்களுக்குத் தெரியும், அது ஒரு அச்சுதான். 'பருத்தித்துறையைப் பிறப்பிடமாகவும், கனடாவை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி, யாருடைய அன்பு மகள், யாருடைய அன்பு மனைவி, யாருடைய பாசமிகு தாயார் என்று போகும். பிறப்பிடத்துக்கும் வதிவிடத்துக்கும் நடுவில் வன்னியில் இடம்பெயர்ந்து இருந்த காலத்துக்கு அந்த வசனத்தில் இடமே இல்லை.

எழுதிக்கொண்டு வந்தவன் பிள்ளைகளின் பெயரில் நின்றுவிட்டேன். இறந்துபோன உறவுகளின் பெயருக்கு முன் 'காலஞ்சென்ற' என்று போடவேண்டும். சின்ன மாமா 2009இல் வன்னியில் காணாமல் போனவர். போடுவதா, விடுவதா? போட்டால் அம்மம்மா கடைசிவரை ஒத்துக்கொள்ளாத ஒன்றை அவருடைய அறிவித்தலிலேயே நாங்கள் எழுதியது போலாகும். அவுஸ்திரேலியாவில் இருக்கும் பெரிய மாமா, "போடு, எத்தனை வருசம்" என்றார். அம்மா ஃபோனை வாங்கி, "பேரை மட்டும் போடு" என்றா. பெயரை மட்டும் போட்டேன். பிறகு ஒரு மைத்துனரின் பெயர் விடுபட்டுப்போய் அதற்கு வேறு சண்டை!

காயல்வாசி:
எங்களுக்கு முதல் வார்த்தையைத் தேட வேண்டியதில்லை. மவுத்துச் செய்தி காதில் விழுந்ததுமே 'இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்' என்று வாய் சொல்லிவிடும். நாம் அல்லாஹ்வுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்புகிறவர்கள் என்று பொருள். கன்னத்தில் அறைந்துகொண்டு ஓலமிடுவதற்குத்தான் தடை, கண்ணீருக்கு இல்லை. நபிகள் தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது அழுதிருக்கிறார்கள். வாப்பா போன அன்று யாரோ உம்மாவிடம் "அழாதீங்க, அழக்கூடாது" என்றார்கள். பெரியம்மா திரும்பி, "கண்ணு அழட்டும், வாயைப் பாத்துக்கிட்டாப் போதும்" என்றார். அதற்குப் பிறகு உம்மாவை யாரும் அடக்கவில்லை.

புதியவன்:
ஒரு சந்தேகம். கூட வேலை பார்க்கும் நண்பருக்கு ஆறாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே தவறிவிட்டது. கேதமும் இல்லை, காரியமும் இல்லை. என்ன சொல்வது?

மூத்தவள்:
எனக்கு நடந்திருக்கிறது. 'அடுத்தது நல்லபடியா பொறக்கும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எல்லாரும் அதையே சொன்னார்கள், எனக்கு அந்தக் குழந்தைதான் வேண்டியிருந்தது. ஒரே ஒரு தோழி, "பேர் யோசிச்சு வச்சிருந்தியா?" என்று கேட்டாள். அப்புறம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். இன்னொன்று, மனைவி எப்படி இருக்கிறார் என்பதோடு நிறுத்தாமல் நண்பரையும் கேளுங்கள். எங்கள் வீட்டில் என் கணவரை ஒருத்தரும் கேட்கவில்லை.